நீலகிரி அலுவலகங்களுக்கான மெய்நிகர் கணினி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில் 10 முதல் 50 பேர் வரை பணிபுரியும் தேயிலைத் தொழிற்சாலை, தணிக்கை அலுவலகம், பள்ளி, மருத்துவமனை, விடுதி போன்றவற்றின் பொறுப்பாளர்கள், ஊழியர்கள் வீட்டிலிருந்தோ வேறு ஊரிலிருந்தோ அலுவலகக் கணினியில் பணியாற்ற என்ன ஏற்பாடு செய்யலாம் என்று எழுப்பும் கேள்விகளுக்கு இப்பக்கம் விடை தருகிறது. மெய்நிகர் முறை என்பது, மென்பொருள் பெரும்பாலும் சர்வர் எனப்படும் மையக் கணினியில் இயங்க, அதன் திரையை மட்டும் ஊழியர் தம் கணினியில் பார்த்து வேலை செய்வது. சமவெளி நகரங்களை மனத்தில் வைத்து எழுதப்படும் வழிகாட்டிகள் பெரும்பாலும் செலவுக் கணக்கிலிருந்து தொடங்குகின்றன. மலையில் அந்த வரிசை பொருந்தாது. இணைப்பு அறுந்திருக்கும் நேரத்தில் எந்த வேலை நின்றாலும் பரவாயில்லை, எது நிற்கவே கூடாது என்பதை முதலில் பிரித்துக்கொண்டால் தேர்வில் பாதி முடிந்துவிடும்.

மடிக்கணினியும் விபிஎன் இணைப்பும் போதாதா?

பலருக்குப் போதும். விபிஎன் என்பது இணையம் வழியாக அலுவலக வலையமைப்புக்குள் நுழையும் பாதுகாப்பான பாதை. மின்னஞ்சல், உலாவியில் இயங்கும் மென்பொருள், சில எக்செல் கோப்புகள் ஆகியவற்றோடு வேலை முடிந்துவிடும் என்றால் மெய்நிகராக்கத்துக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. அலுவலக சர்வரில் உள்ள தரவுக் கோப்பை, வீட்டிலுள்ள மடிக்கணினியின் கணக்கு மென்பொருள் விபிஎன் வழியாக நேரடியாகத் திறக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. இத்தகைய மென்பொருள் ஒரு பதிவைச் சேமிக்கவே நூற்றுக்கணக்கான சிறு பரிமாற்றங்களைச் செய்யும். அலுவலகத்துக்குள் ஒவ்வொன்றும் ஒரு மில்லி நொடிக்கும் குறைவாக முடிவதால் நாம் அதை உணர்வதில்லை. போய்வர 40 மில்லி நொடி பிடிக்கும் இணைப்பில் 200 பரிமாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தால், ஒரு பதிவுக்கே 8 நொடி ஆகும். நடுவில் இணைப்பு அறுந்தால் தரவுக் கோப்பு சிதையும் ஆபத்தும் உண்டு. மெய்நிகர் முறையில் மென்பொருளும் தரவும் ஒரே அறையில் இருக்கும். திரையின் படமும் விசை அழுத்தங்களும் மட்டுமே மலைப்பாதையில் ஏறி இறங்கும்.

அப்படியானால் என்னென்ன வழிகள் உள்ளன?

ஐந்து வழிகளைத் தெரிந்துகொண்டால் போதும். அவற்றில் மூத்தது அமர்வுப் பகிர்வு. ஒரே விண்டோஸ் சர்வரில் பலர் ஒரே நேரத்தில் நுழைந்து, அவரவர்க்கெனத் தனித் திரையோடு வேலை செய்வார்கள். மைக்ரோசாஃப்ட் 1998இல் விண்டோஸ் என்டி 4.0இன் டெர்மினல் சர்வர் பதிப்பாகக் கொண்டுவந்த இந்த ஏற்பாடு, இன்று ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ், சுருக்கமாக ஆர்டிஎஸ், என்று வழங்குகிறது. இதன் கிளையான இரண்டாவது வழியாக, முழுத் திரையைக் கொடுக்காமல் ஒரேயொரு மென்பொருளின் சாளரத்தை மட்டும் ஊழியரின் கணினியில் தோன்றச் செய்யும் முறையும் உண்டு. கணக்கு மென்பொருள் ஒன்று மட்டும் தேவைப்படுவோருக்கு அது மிகவும் ஏற்றது.

மூன்றாவதான விடிஐ முறையில் சர்வருக்குள் ஒவ்வொருவருக்கும் தனி இயங்குதளத்துடன் கூடிய தனி மெய்நிகர் கணினி ஒதுக்கப்படும். அதே வசதியை நிறுவனமொன்றின் கிளவுடிலிருந்து, அதாவது இணையம் வழியாக அதன் தரவு மையத்திலிருந்து, மாத வாடகைக்கோ பயன்படுத்திய நேரத்துக்கோ பெறுவது நான்காவது. ஐந்தாவதில் சர்வரே கிடையாது: ஊழியரின் மடிக்கணினிக்குள்ளேயே ஒரு மெய்நிகர் கணினியை நிறுவி, அலுவலக வேலையை அதற்குள் அடைத்துவைப்பது.

அலுவலக மேசையிலுள்ள கணினியையே இரவும் பகலும் ஓடவிட்டு, வீட்டிலிருந்து ஆர்டிபி எனப்படும் விண்டோஸின் தொலைத்திரை இணைப்பு மூலம் அதனுள் நுழையும் பழக்கமும் இங்கே பரவலாக உள்ளது. ஓரிருவருக்கு அது போதும். மின்சாரம் போய் வந்தபின் கணினி தானாக எழும்படி, அதன் அடிப்படை அமைப்புப் பட்டியலான பயாஸில் அமைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பொத்தானை அழுத்துவதற்காகவே ஒருவர் மழையில் அலுவலகம் போக நேரும்.

மழையில் இணைப்பு அறுந்தால் செய்துகொண்டிருந்த வேலை என்ன ஆகும்?

அமர்வுப் பகிர்வு, விடிஐ, கிளவுட் ஆகிய மூன்றிலும் விடை ஒன்றே: வேலை அழியாது, ஆனால் தொடரவும் முடியாது. இணைப்பு அறுந்தவுடன் அமர்வு துண்டிக்கப்பட்ட நிலைக்குச் செல்லும். திறந்திருந்த மென்பொருள்கள் சர்வரில் தொடர்ந்து இயங்கும். மீண்டும் நுழையும்போது கர்சர் விட்ட இடத்திலேயே நிற்கும். துண்டிக்கப்பட்ட அமர்வைக் குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் முடித்துவிடும் கால வரம்பை நிர்வாகி வைக்கலாம். சமவெளி அலுவலகங்களில் 15 அல்லது 30 நிமிடம் வைப்பார்கள். இங்கே அதைச் சில மணி நேரமாக நீட்டுவது நல்லது.

தொடர முடியாத வேலைதான் உண்மையான பிரச்சினை. பச்சைத் தேயிலை கொள்முதல் நிலையத்தில் சிறு விவசாயி கொண்டுவரும் இலையை எடைபோட்டுப் பதிவு செய்வதற்கு இணைப்பு வரும்வரை காத்திருக்க முடியாது, இலை வாடிக்கொண்டிருக்கும். மருத்துவமனையின் புறநோயாளிப் பதிவும் விடுதியின் வரவேற்பு மேசையும் அப்படியே. இவற்றுக்கான மென்பொருள் அந்த மேசையிலேயே இயங்கி, இணைப்புக் கிடைக்கும்போது மையத்துக்குத் தரவை அனுப்புவதாக இருக்க வேண்டும். மெய்நிகர் திரைக்குள் இவற்றை அடைக்க வேண்டாம். மாறாக, ஊதியப் பட்டியல், மாதக் கணக்கு முடிப்பு, வரித் தாக்கல் தயாரிப்பு, கொள்முதல் ஒப்பீடு போன்றவை சில மணி நேரம் தள்ளிப்போனாலும் கெடுதல் இல்லை. அவை மெய்நிகர் முறைக்கே உரியவை. குன்னூர் ஏல மையத்தின் தேயிலை ஏலம் மின்னணு முறையில் நடப்பதால் அதில் பங்கேற்போரும் இக்கேள்வியைக் கேட்கிறார்கள். ஏலத்தைக் கையிலுள்ள கணினியின் உலாவியில் நேரடியாகத் திறப்பதே சரி. அலுவலக சர்வருக்குப் போய், அங்கிருந்து ஏலத் தளத்துக்குப் போவதென்றால், அறுந்துபோகக்கூடிய கண்ணி ஒன்றுக்கு இரண்டாகிறது.

இரண்டு நிறுவனங்களிடமிருந்து இரண்டு இணைப்புகள் வாங்கிவிட்டோம் என்று நிம்மதியடைவதற்கு முன், இரண்டும் எந்த மலைப்பாதை வழியாக ஏறி வருகின்றன என்று கேளுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியாறு வழியாகக் குன்னூருக்கு வரும் சாலையோரத்தில் இரண்டு கம்பி வடங்களும் சேர்ந்தே வந்தால், ஒரே நிலச்சரிவில் இரண்டும் போகும். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, உதகை பகுதிகளில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்ததை இங்குள்ளோர் மறந்திருக்க மாட்டார்கள். ஒன்று ஃபைபர், மற்றொன்று வேறு நிறுவனத்தின் 4ஜி அல்லது 5ஜி என்று வைத்துக்கொண்டால் ஓரளவு பாதுகாப்பு உண்டு. மின்தடையின்போது அந்தக் கைபேசிக் கோபுரத்துக்கு ஜெனரேட்டர் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பதையும் அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும். இணைப்பு மெதுவானதும் பலரும் மூடுபனியைக் குறை சொல்வது வழக்கம். பனிமூட்டம் வானலைகளைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. கோபுரங்களை இணைக்கும் 10 கிகாஹெர்ட்சுக்கு மேற்பட்ட நுண்ணலைகளைக் குறைப்பது கனமழையும், அவற்றை அடியோடு நிறுத்துவது மின்தடையுமே ஆகும்.

எவ்வளவு இணைய வேகம் வேண்டும்?

விற்பனையாளர்கள் சொல்லும் எம்பிபிஎஸ் (நொடிக்கு எத்தனை மெகாபிட்) எண்ணைவிட வேறு இரண்டு எண்கள் முக்கியமானவை. வேகத்தைப் பொறுத்தவரை, ஆர்டிபி பயன்பாட்டுக்கு மைக்ரோசாஃப்ட் தரும் வழிகாட்டுதல் எளிய தரவுப் பதிவுக்கு ஒருவருக்கு 1.5 எம்பிபிஎஸ், நடுத்தர வேலைக்கு 3, கனமான வேலைக்கு 5, வரைகலை வேலைக்கு 15 என்பதாகும். வீட்டிலுள்ள சாதாரண ஃபைபர் இணைப்பே இதற்குப் போதும். அலுவலகத்திலேயே சர்வர் இருந்தால், அலுவலகத்தின் பதிவேற்ற வேகம் எல்லோருக்கும் சேர்த்துப் போதுமா என்றுதான் பார்க்க வேண்டும்.

முதலாவது எண் தாமதம், அதாவது ஒரு சமிக்ஞை சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. செல்கிறது. உதகையிலிருந்து சென்னைக்கு 550 கி.மீ. என்று வைத்தால் போய்வர 6 மில்லி நொடிக்குள் முடிய வேண்டும். இடையிலுள்ள கருவிகளும் சுற்றுவழிகளும் சேர்வதால் நடைமுறையில் அதைப்போலப் பல மடங்கு ஆகிறது. 50 மில்லி நொடிக்குள் இருந்தால் வித்தியாசம் தெரியாது. 100ஐத் தாண்டினால் தட்டச்சு செய்பவருக்கு உறுத்தும். கிளவுட் மேசைக்கணினிக்கு 150க்குள் இருக்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. பூமியிலிருந்து 35,786 கி.மீ. உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழி இணைப்பில் தாமதம் அரை நொடியைத் தாண்டுவதால் இவ்வேலைக்கு அது உதவாது.

இரண்டாவது எண், தரவு சிறுசிறு பொட்டலங்களாகப் போகும்போது வழியில் தொலைபவற்றின் விகிதம். 100ல் 2 அல்லது 3 தொலைந்தாலே திரை உறைந்து உறைந்து நகரும். வேகத்தை அளக்கும் தளங்கள் இதைப் பெரும்பாலும் காட்டுவதில்லை. அலுவலக முகவரிக்குத் சிறு சமிக்ஞை அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையைத் தொடர்ந்து ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பொட்டலங்கள் தொலையும் விகிதம் கூடுதலாக உள்ள இடங்களில், தொலைந்ததை மீண்டும் பெறக் காத்திருக்கும் டிசிபி முறைக்குப் பதிலாக, அப்படிக் காத்திருக்காத யுடிபி முறை வழியாகத் திரையை அனுப்பும் வசதியை இயக்குவது பெரும் மாற்றத்தைத் தரும். மெய்நிகர் மேசைக்கணினி மென்பொருள் தரும் சிட்ரிக்ஸ், ஆம்னிசா, மைக்ரோசாஃப்ட் ஆகிய மூன்று நிறுவனங்களின் மென்பொருளிலும் அவ்வசதி உள்ளது.

அமர்வுப் பகிர்வு எப்படிப்பட்ட அலுவலகத்துக்கு ஏற்றது?

எல்லோரும் ஏறத்தாழ ஒரே மென்பொருள்களைப் பயன்படுத்தும் அலுவலகத்துக்கு. நீலகிரியில் இக்கேள்வியோடு வரும் நிறுவனங்களில் பெரும்பாலானவை இவ்வகையே என்பதால், எங்கள் முதல் பரிந்துரையும் இதுவே.

காரணம் கணக்கில் இருக்கிறது. 20 பேருக்கு விடிஐ அமைத்தால் 20 விண்டோஸ் இயங்குதளங்கள் ஓட வேண்டும். விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச நினைவகம் 4 ஜிபி. பயன்படும்படி இருக்க 8 ஜிபி தேவை. ஆக 160 ஜிபி. அமர்வுப் பகிர்வில் ஒரே இயங்குதளம் என்பதால், ஆளுக்கு 3 ஜிபி ஒதுக்கினாலும் 64 அல்லது 96 ஜிபி நினைவகமுள்ள ஒரு நடுத்தர சர்வர் தாராளமாகத் தாங்கும். நடுத்தர வேலைக்கு ஒரு மெய்நிகர் கருவுக்கு (சர்வர் செயலகத்தின் ஒரு பங்குக்கு) 4 பேர், கனமான வேலைக்கு 2 பேர் என்பது மைக்ரோசாஃப்டின் பொதுக் கணக்கு. பத்துப் பதினைந்து தாவல்களுடன் உலாவியைத் திறந்துவைக்கும் பழக்கமுள்ளவர்களைக் கனமான பயனர்களாகவே எண்ணிக்கொள்ளுங்கள்.

உரிமத்தில் கவனம் தேவை. விண்டோஸ் சர்வர் உரிமம், அதை அணுகுவதற்கான சிஏஎல் என்னும் உரிமம், அதற்கும் மேல் தொலை அமர்வுக்கான ஆர்டிஎஸ் சிஏஎல் என மூன்று அடுக்குகள் உண்டு. ஆர்டிஎஸ் சிஏஎல் இல்லாமலே 120 நாள் ஓடும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது 121ஆம் நாள் கதவு மூடும். இந்த உரிமத்தை ஆள்வாரியாகவும் வாங்கலாம், கருவிவாரியாகவும் வாங்கலாம். இலை மிகுந்து வரும் பருவத்தில் இரவும் பகலும் ஓடும் தேயிலைத் தொழிற்சாலையில், ஒரே கணினியில் மூன்று ஷிப்டுகளில் மூவர் உட்காருவார்கள் என்றால் கருவிவாரி உரிமம் மலிவு. ஒருவரே வீட்டுக் கணினி, மடிக்கணினி, அலுவலகக் கணினி என்று மூன்றிலிருந்தும் நுழைவார் என்றால் ஆள்வாரி உரிமம். மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் ஸ்டாண்டர்டு திட்டத்திலுள்ள வேர்டு, எக்செல் ஆகியவற்றைப் பகிர்வு சர்வரில் நிறுவ உரிமை இல்லை என்பதும், பிசினஸ் பிரீமியம் திட்டத்தில் உண்டு என்பதும் பலர் வாங்கிய பிறகே அறியும் செய்தி.

சாதாரண விண்டோஸ் 11 கணினியில் ஒரு சிறு செயலியைச் செருகி ஒரே நேரத்தில் பலரை நுழையச் செய்யும் குறுக்குவழியைச் சிலர் விற்கிறார்கள். அது உரிம மீறல். விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் ஏதோ ஒரு நாளில் சொல்லாமல் நின்றும்விடும்.

விடிஐ எப்போது தேவை?

ஊழியர்கள் தங்கள் கணினியில் நிர்வாகி உரிமையுடன் மென்பொருளை நிறுவ வேண்டியிருக்கும்போதும், ஆளுக்கொரு விதமான மென்பொருள் தேவைப்படும்போதும், சர்வர் இயங்குதளத்தில் ஓட மறுக்கும் மென்பொருள் இருக்கும்போதும், ஆட்டோகேட் போன்ற வரைகலை வேலைக்கு வரைகலை அட்டையைப் பகிர வேண்டியிருக்கும்போதும். கோத்தகிரியிலோ குன்னூரிலோ தங்கி வெளிநாட்டு நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதுபவர்கள் பெரும்பாலும் அந்நிறுவனம் தரும் விடிஐக்குள்தான் வேலை செய்கிறார்கள். அது அந்நிறுவனத்தின் தேர்வு. 20 பேர் அலுவலகம் தானாகவே விடிஐ கட்டுவதை நாங்கள் ஊக்குவிப்பதில்லை. விலைச்சீட்டில் சர்வர் மட்டுமே பெரிதாகத் தெரியும். அதைப் பராமரிக்கத் தெரிந்த ஆள் கோயம்புத்தூரிலிருந்து ஏறி வர வேண்டும் என்பது அதில் இருக்காது. கணினியோடு வந்த விண்டோஸ் உரிமத்தை விடிஐயில் பயன்படுத்தவும் முடியாது. அதற்கெனத் தனிச் சந்தா வாங்க வேண்டும்.

கட்டுவது என்றே முடிவானால், ஒவ்வொரு முறை வெளியேறும்போதும் பழைய நிலைக்குத் திரும்பும் நிலையற்ற மெய்நிகர் கணினிகளைத் தேர்ந்தெடுத்து, பயனரின் கோப்புகளையும் அமைப்புகளையும் மட்டும் தனியே சேமிப்பது நல்லது. இக்கணினிகள் எல்லாவற்றுக்கும் அச்சாக உள்ள ஒரு மூலப்படிமத்தைப் புதுப்பித்தால் எல்லாக் கணினிகளும் புதுப்பிக்கப்பட்டுவிடும்.

கிளவுடில் வாடகைக்கு எடுப்பது மலிவா?

ஆண்டு முழுவதும் நாளுக்கு 8 மணி நேரம் பயன்படுத்தும் 20 பேருக்குப் பெரும்பாலும் மலிவாக இராது. பருவத்துக்கேற்பக் கூடிக் குறையும் அலுவலகத்துக்கு மலிவு. ஏப்ரல், மே மாதங்களில் கோடை விழாவுக்கும் மலர்க் கண்காட்சிக்கும் கூட்டம் குவியும்போது முன்பதிவுக்கென எட்டுப் பத்துப் பேரைக் கூடுதலாக அமர்த்தும் விடுதிக்கு, அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் மேசைக்கணினிகளை வாடகைக்கு எடுத்துவிட்டு ஜூனில் ஒப்படைப்பதைவிடச் சிறந்த வழி இல்லை.

மைக்ரோசாஃப்டிலேயே இரண்டு கடைகள் உள்ளன. 2019இல் வெளிவந்து 2021இல் பெயர் மாறிய அசூர் வர்ச்சுவல் டெஸ்க்டாப் முறையில், பயன்படுத்திய நேரத்துக்கே கட்டணம். ஒரே விண்டோஸ் 11இல் பலர் நுழையும் வசதியும் அதில் உண்டு. இரவில் கணினியை நிறுத்தினால் அது ஓடுவதற்கான கட்டணம் நிற்கும், வட்டுக்கான கட்டணம் நிற்காது. நிறுத்த மறந்தால் மாத முடிவில் தெரியும். 2021 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 365 இதற்கு நேர்மாறு: ஒருவருக்கு ஒரு கணினி, மாதத்துக்கு ஒரே தொகை, பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும். தகவல் தொழில்நுட்பத்துக்கெனத் தனி ஆள் இல்லாத அலுவலகத்துக்கு இரண்டாவதே பொருந்தும். அமேசான் வொர்க்ஸ்பேசஸ் இவ்விரண்டுக்கும் மூத்தது. மாத வாடகை, மணிக்கணக்கு இரண்டு முறைகளும் அதில் உள்ளன.

தரவு மையம் இந்தியாவிலேயே இருக்கும்படி தேர்ந்தெடுக்க வேண்டும். மைக்ரோசாஃப்டுக்குப் புனே, சென்னை, மும்பை ஆகிய இடங்களிலும், அமேசானுக்கு மும்பையிலும் ஐதராபாத்திலும் மையப் பகுதிகள் உள்ளன. எல்லா வகைக் கணினிகளும் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை என்பதால் சென்னை அருகில் இருக்கிறதே என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டாம்.

சர்வரை அலுவலகத்திலேயே வைக்கலாமா, கீழே கோயம்புத்தூரில் வைக்கலாமா?

யார் எங்கிருந்து வேலை செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பெரும்பான்மையினர் மலையிலேயே அலுவலகத்தில் இருந்து, சிலர் மட்டும் வெளியிலிருந்து நுழைகிறார்கள் என்றால் சர்வர் அலுவலகத்தில் இருக்கட்டும். வெளி இணைப்பு அறுந்தாலும் உள்ளே இருப்பவர்கள் வேலையைத் தொடர்வார்கள். மாறாக, ஊழியர்கள் கூடலூர், பந்தலூர், குன்னூர், திருப்பூர் என்று சிதறியிருந்தால், ஒரு மலைக் கட்டடத்தின் இணைப்பையும் மின்சாரத்தையும் எல்லோரும் நம்பியிருப்பதில் பொருளில்லை.

உதகையின் குளிர் சர்வருக்கு நல்லது என்பது பாதி உண்மை. குளிரூட்டும் செலவு குறையும்; ஆனால் ஜூன், ஜூலை மாதங்களில் ஈரப்பதம் ஏறி, இரவில் நிறுத்தி வைத்த கருவிகளின் உலோகப் பகுதிகளில் நீர் கோக்கும். சர்வரை நிறுத்தாமல் ஓடவிடுவதும், மண் சுவரை ஒட்டாமல் தரையிலிருந்து உயர்த்தி வைப்பதும், அறையில் ஈரம் உறிஞ்சும் கருவி ஒன்றை வைப்பதும் போதுமானவை. உறைபனி விழும் ஜனவரியில் யுபிஎஸ் பேட்டரியின் கொள்ளளவும் குறையும். கோடையில் ஒரு மணி நேரம் தாங்கியது என்ற கணக்கு அப்போது செல்லாது. யுபிஎஸ் தீரும் தறுவாயில் சர்வர் தானாக முறைப்படி அணையும்படி இரண்டையும் கம்பியால் இணைத்து அமைப்பது, பேட்டரியை இரட்டிப்பாக்குவதைவிடப் பயனுள்ளது. இடிதாக்குதலுக்கு எதிரான நிலத்தொடர்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை.

டேலி, டிஜிட்டல் கையொப்பம், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஆகியவை வேலை செய்யுமா?

கணக்கு மென்பொருளான டேலி அமர்வுப் பகிர்வில் நன்றாக இயங்கும். பலர் சேர்ந்து பயன்படுத்துவதற்குரிய உரிமம் வேண்டும்.

டிஜிட்டல் கையொப்பத்துக்கான யுஎஸ்பி டோக்கன்தான் மிகுதியான தொல்லை தருவது. அலுவலகத்திலுள்ள சர்வரில் டோக்கனைச் செருகி வைத்துவிட்டு, வீட்டிலிருந்து ஆர்டிபி மூலம் நுழைந்தால் அது தெரியாது. ஆர்டிபி அமர்வுக்குள் இந்த டோக்கன் போன்ற ஸ்மார்ட்கார்டு தேடப்படும்போது, விண்டோஸ் அதை நீங்கள் உட்கார்ந்திருக்கும் கணினியில்தான் தேடும். ஆகவே டோக்கன் கையொப்பமிடுபவரின் கையில், அவர் முன்னிருக்கும் கணினியில் இருக்க வேண்டும். அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் சர்வரிலும் நிறுவப்பட்டிருக்க வேண்டும். ஜிஎஸ்டி தளத்தில் கையொப்பமிட உதவும் சிறு மென்பொருள் அந்தக் கணினியின் ஒரு குறிப்பிட்ட போர்ட்டில், அதாவது எண்ணிட்ட இணைப்பு வாயிலில், காத்திருப்பதால், ஒரே பகிர்வு சர்வரில் இருவர் ஒரே நேரத்தில் அதை இயக்கினால் மோதல் வரலாம். தாக்கலுக்கான விவரங்களைச் சர்வரில் தயாரித்துவிட்டு, கையொப்பத்தை மட்டும் சொந்தக் கணினியின் உலாவியில் இடுவதே தணிக்கை அலுவலகங்களுக்கு நாங்கள் சொல்லும் வழி.

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில், தொலை அமர்விலிருந்து வரும் அச்சு படமாக மாற்றப்பட்டு வருவதால், ஊர்ந்து ஊர்ந்து அச்சாகும். அந்தப் பிரிண்டரின் சொந்த டிரைவரைச் சர்வரிலும் நிறுவி, எழுத்தாகவே அனுப்பச் செய்தால் சரியாகிவிடும்.

தொலை அமர்வில் தமிழில் தட்டச்சு செய்ய முடியுமா?

முடியும். விசைப்பலகை அமைப்பை ஒரு பக்கத்தில் மட்டும் இயக்க வேண்டும் என்பதே விதி. ஆர்டிபி பொதுவாக எந்த விசை அழுத்தப்பட்டது என்பதை மட்டுமே அனுப்பும், எந்த எழுத்து என்பதை அனுப்பாது. ஆகவே தமிழ்99 அமைப்பைச் சர்வரிலுள்ள அமர்வில் சேர்த்து, உங்கள் கணினியில் ஆங்கிலத்தில் விட்டுவிடுங்கள். என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை, அழகி போன்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள்களை இரு பக்கமும் ஓடவிட்டால் எழுத்துகள் இரட்டிக்கும் அல்லது குழம்பும். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் உள்ள கோப்புகள் இருந்தால் அந்த எழுத்துருக்களைச் சர்வரில் ஒருமுறை நிறுவினால் எல்லோருக்கும் தெரியும். அப்படியே அவற்றை யுனிகோடுக்கு மாற்றிவிடுவது இன்னும் நல்லது.

பாதுகாப்பு பற்றி என்ன கவனிக்க வேண்டும்?

3389 என்ற ஆர்டிபி போர்ட்டை இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவைக்கக் கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். திறந்துவைத்த சில மணி நேரத்துக்குள் உலகின் பல மூலைகளிலிருந்து கடவுச்சொல்லை ஊகிக்கும் முயற்சிகள் தொடங்கிவிடும். போர்ட் எண்ணை மாற்றிவைப்பது அவர்களைச் சற்றுத் தாமதப்படுத்துமே தவிரத் தடுக்காது. 2019 மே மாதத்தில் புளூகீப் என்ற ஓட்டை வெளிப்பட்டபோது, கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே நுழைய முடியும் நிலை இருந்ததால், ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. விபிஎன் அல்லது ரிமோட் டெஸ்க்டாப் கேட்வே என்னும் இடைவாயில் வழியாக மட்டுமே நுழைவு, அதோடு கைபேசியில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு. இவை இரண்டும் இல்லாமல் தொடங்கவே வேண்டாம். காப்புப்பிரதி ஒன்று, சர்வரோடு எப்போதும் இணைக்கப்படாத வட்டில் இருக்க வேண்டும்.

சட்டத்தின் பக்கமும் உண்டு. இணையப் பாதுகாப்புக்கான இந்திய அரசின் அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவுகளின்படி, குறிப்பிட்ட வகை இணையத் தாக்குதல்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கணினிகள் தாமாகவே எழுதும் நடவடிக்கைப் பதிவேடுகளை 180 நாள் பாதுகாக்க வேண்டும். நோயாளிகள், மாணவர்கள் பற்றிய தகவல்களை வைத்திருப்போருக்கு 2023ஆம் ஆண்டின் தனிநபர் எண்மத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பொருந்தும்.

வீடியோ கூட்டங்களைத் தொலை அமர்வுக்குள் நடத்தலாமா?

வேண்டாம். ஜூம், மீட் ஆகியவற்றைச் சொந்தக் கணினியிலேயே திறந்துகொள்ளுங்கள். தொலை அமர்வுக்குள் திறந்தால் உங்கள் முகம் சர்வருக்குப் போய், அங்கிருந்து கூட்டத்துக்குப் போகும்.

பழைய கணினிகளை வைத்துக்கொண்டே இதைச் செய்யலாமா?

திரையைக் காட்டுவது மட்டுமே வேலை என்பதால் 4 ஜிபி நினைவகமுள்ள பழைய கணினியே போதும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், அதை அப்படியே பயன்படுத்தாமல், இலகுவான லினக்ஸ் அல்லது கூகுளின் குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸ் இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளலாம். பள்ளிகளின் கணினி அறைகளுக்கு இது பெரிய மிச்சம்.

உரிமக் கட்டணம் இல்லாத மாற்று உண்டா?

உண்டு. ஒரு சர்வரைப் பல மெய்நிகர் கணினிகளாகப் பிரிக்க, லினக்ஸின் மெய்நிகராக்க வசதியான கேவிஎம்மை அடிப்படையாகக் கொண்ட பிராக்ஸ்மாக்ஸ். உலாவி வழியாகவே தொலை அமர்வில் நுழைய அப்பாச்சி குவாக்கமோலி. லினக்ஸ் மேசைக்கணினிக்கு எக்ஸ்ஆர்டிபி. லிப்ரே ஆஃபிஸும் உலாவியும் போதும் என்ற அலுவலகம் இவற்றைக் கொண்டு முழு ஏற்பாட்டையும் முடித்துவிடலாம். உள்ளே ஓடுவது விண்டோஸ் என்றால் அதற்கான உரிமம் அப்போதும் தேவை. மெய்நிகராக்க மென்பொருள் நிறுவனமான விஎம்வேரை 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் வாங்கியபின் நிரந்தர உரிம விற்பனை நின்று சந்தா முறை வந்ததால், பல சிறு நிறுவனங்கள் பிராக்ஸ்மாக்ஸுக்கும் மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-விக்கும் மாறின. விஎம்வேரின் மேசைக்கணினிப் பிரிவு 2024இல் ஆம்னிசா என்ற தனி நிறுவனமாகிவிட்டது. பழைய விலைப்பட்டியலோடு யாராவது வந்தால் தேதியைப் பாருங்கள்.

மடிக்கணினிக்குள்ளேயே மெய்நிகர் கணினி வைப்பது யாருக்கு?

இணைப்பே இல்லாத எஸ்டேட்டுகளுக்கும் வனப்பகுதி ஊர்களுக்கும் சென்று பணியாற்றுவோருக்கும், விண்டோஸ் 7இல் மட்டுமே ஓடும் பழைய மென்பொருளைக் கைவிட முடியாதோருக்கும். 16 ஜிபி நினைவகம் வேண்டும். ஹைப்பர்-வி விண்டோஸ் புரோ பதிப்பில் உண்டு, ஹோம் பதிப்பில் இல்லை. விர்ச்சுவல்பாக்ஸ் இரண்டிலும் இயங்கும். தரவு மடிக்கணினியிலேயே இருப்பதால் வட்டை மறையாக்கம் செய்வது கட்டாயம். பழைய இயங்குதளம் உள்ள மெய்நிகர் கணினிக்கு இணைய இணைப்பைத் தரவே கூடாது.

வாங்குவதற்கு முன் எப்படிச் சோதிப்பது?

விற்பனையாளர் பிப்ரவரியில் காட்டும் மாதிரி எதையும் நிரூபிக்காது. கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் என்றால் தென்மேற்குப் பருவமழையின் உச்சமான ஜூலை, ஆகஸ்டிலும், குன்னூர், கோத்தகிரிச் சரிவு என்றால் வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர், நவம்பரிலும் சோதிக்க வேண்டும். 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டிய அவலாஞ்சி போன்ற இடங்களும் இதே மாவட்டத்தில்தான் இருக்கின்றன. கிளவுட் சேவைகளை ஒரு மாத வாடகையில் எடுத்துச் சோதிக்கலாம். ஆர்டிஎஸ்ஸுக்கு மேற்சொன்ன 120 நாளே இலவசச் சோதனைக் காலம். மிகச் சுறுசுறுப்பான ஊழியரை வைத்துச் சோதிக்காமல், மிக மோசமான இணைப்புள்ள வீட்டிலிருந்து வேலை செய்பவரை வைத்துச் சோதியுங்கள்.

பின்னாளில் வேறு முறைக்கு மாற நேர்ந்தால்?

பயனரின் அமைப்புகளையும் கோப்புகளையும் இயங்குதளத்திலிருந்து பிரித்து, ஆளுக்கொரு வட்டுக் கோப்பாக வைக்கும் எஃப்எஸ்லாஜிக்ஸ் போன்ற ஏற்பாட்டை முதல் நாளிலேயே செய்துவிட்டால் மாறுவது எளிது. ஆர்டிஎஸ், விடிஐ, அசூர் ஆகிய மூன்றிலும் அது இயங்கும். ஆர்டிஎஸ் சிஏஎல் வைத்திருப்போர் அதைக் கூடுதல் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். கிளவுட் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், தரவை வெளியே எடுக்கும்போது ஒரு ஜிபிக்கு எவ்வளவு கட்டணம் என்ற வரியைத் தேடிப் படித்துவிடுங்கள்.